முகம் கொடுக்காத தெரு

மனிதன் குகையை விட்டு வெளியே வந்து முதல் குடிசையைப் போட்ட நாள் தொட்டு இன்றுவரை, உலகத்தில் எழும்பிய குடியிருப்புகள் அத்தனையிலும் ஆக முட்டாள்தனமானது தங்களுடையதுதான் என்பது, கல்லூரியில் எல்லோரும் 'பின்வாசல்' என்று கூப்பிடும் பையனின் முடிவு. அதை அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. கல்லூரி ஆண்டு விழாவில், இஸ்திரி போட்ட சட்டையோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு முறைகூடச் சிரிக்காமல் மேடையில் நிரூபித்திருந்தான்.

"வீடு என்றால் அதற்கு ஒரு முகம் வேண்டும்," என்று தொடங்கினான். "எங்கள் வீடுகளுக்கு முதுகு மட்டும்தான் இருக்கிறது. இரண்டு பக்கமும் மரம் வைத்த பெரிய சாலை ஒன்று எங்கள் குடியிருப்பை ஒட்டிப் போகிறது. அந்தச் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாற்பது வீட்டில் ஒன்றுக்குக்கூட அந்தப் பக்கம் வாசல் கிடையாது. குளியலறை ஜன்னல் உண்டு, சாக்கடைக் குழாய் உண்டு, காயப்போட்ட உள்பாவாடை உண்டு. ஒவ்வொரு முதுகுக்கும் நடுவில், கதவு அளவுக்கு, வேறு நிறத்தில் ஒரு பூச்சு உண்டு. அதாவது, அன்பர்களே, வாசல் இருந்திருக்கிறது. அதை எங்கள் முன்னோர்கள் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, ஆள் நுழைந்தால் வாளி நுழையாத சந்து வழியாகக் குடும்பம் நடத்தி வருகிறார்கள்."

இதற்கு மூன்று கொள்கைகளை அவன் முன்வைத்தான். ஒருவர் குடிபோதையில் தன் வாசலை அடைத்தார், அதுதான் புது நாகரிகம் என்று மற்றவர்களும் அடைத்தார்கள் என்பது முதல் கொள்கை. விருந்தாளிகளுக்கு வழி தெரியக் கூடாது என்பது இரண்டாவது. முன்னோர்கள் உலகத்தோடு கோபித்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்துவிட்டார்கள், சமாதானப்படுத்த யாரும் வராததால் அப்படியே பிள்ளை பெற்று வளர்த்துவிட்டார்கள் என்பது மூன்றாவது. மூன்றாவதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

"ஆனால் கவலை வேண்டாம்," என்று முடித்தான். "எங்கள் வம்சத்தில் வாசலை அடைக்கச் செங்கல்லைத் தொட்ட கடைசி ஆள் எப்போதோ செத்துப்போயிருப்பார். இனி ஒருவன் தொட்டால் அவன் என் ரத்தமே இல்லை."

அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. "உங்க வீட்டுக்கு எப்படிடா வர்றது?" என்று முதல் வருடம் எவனோ கேட்டதற்கு, 'பின்வாசல் வழியா' என்று இவன் சொன்ன பதில்தான் இவனுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டது. பேராசிரியர்களே "பின்வாசல், முன்னால வந்து உக்காரு" என்பார்கள். சிரித்துச் சமாளித்தானே தவிர, உள்ளுக்குள் எரிந்துகொண்டுதான் இருந்தது. இருசக்கர வண்டியைச் சந்துக்குள் தினமும் பக்கவாட்டில் உருட்டி, கைப்பிடி சுவரில் உரசி உரசி இரண்டு பக்கமும் ரப்பர் போய்விட்டது. சுவர் போனால்தான் பெயர் போகும் என்று அவனுக்குத் தோன்றியது.

செயலாளர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். குடியிருப்பு நலச் சங்கத்தின் செயலாளர். தொழில் கதவு வியாபாரம். சங்கத்தையும் கடையையும் கலக்காத மனிதர் என்று அவரைப் பற்றி அவரே சொல்லுவார்.

"குடியிருப்புக்கு அம்பது வருஷம் ஆகுது," என்றார், நாற்காலி நுனியில் உட்கார்ந்து. "பெரிய சாலைக்குப் புதுத் தார் போட்டு, விளக்கு வச்சு, பேரும் வைக்கிறோம். கம்பெனியோட பெரிய மேனேஜர் பேரு. அவரு இல்லன்னா இந்தக் குடியிருப்பே இல்ல. அவரோட பையன் நேர்ல வர்றாரு, கார்ல. அவர் வர்றப்ப நாம முதுகைக் காட்டிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? எல்லா வீடும் முன்வாசலைத் தொறக்கணும். வீட்டுக்கு ரெண்டு பேரு வாசல்ல நின்னு கையை ஆட்டணும். அவ்வளவுதான் விஷயம். கதவுக்கு அலைய வேணாம், நம்ம கடையிலயே இருக்கு."

தன் தொழிலாளர்களுக்காக இந்த வீடுகளைக் கட்டிய அந்தக் கம்பெனி மூடி வெகுகாலம் ஆகிறது. சாலையின் கோடியில் அதன் இரும்புக் கேட் மட்டும் துருப்பிடித்து நிற்கும். குடியிருப்பில் பாதிக்கு மேல் வீடுகள் கைமாறிவிட்டன. புதிதாக வந்தவர்களுக்குக் கம்பெனி என்றால் அந்தக் கேட்தான்.

"சங்கம் சொன்னா சரி," என்றார் அப்பா. அவர் பார்சல் ஆபீஸில் எழுத்தர். யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்லி, வாங்கிக்கொண்டு, ஒட்டி அனுப்பிவிடுவதே அவர் வேலை.

அப்போது தையல் மெஷின் நின்றது.

அந்த வீட்டில் தையல் மெஷின் ஓடுவது யாருக்கும் காதில் விழாது, நின்றால்தான் விழும். அப்பாவின் அக்கா, பின்வாசலின் அத்தை, தெருவுக்கே துணி தைப்பவள். பின்வாசலின் அம்மா போன பிறகு அவனை வளர்த்ததும் அவள்தான், ஒரு காலால் மெஷினை மிதித்துக்கொண்டு மறு காலால் தொட்டிலை ஆட்டி. அடைத்த வாசல் இருந்த இடத்தில்தான் அவளுடைய துணி அலமாரி நின்றது. அதன் முன்னால் மெஷின்.

"தொறங்க," என்றாள், ஊசியில் நூல் கோத்தபடி. "தாராளமா தொறங்க. தொறந்தன்னைக்கு அந்த வழியாவே நான் வெளிய போயிடுறேன். அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல."

"அக்கா, நீங்க இன்னும் அந்தக் காலத்துலயே இருக்கீங்க," என்றார் செயலாளர்.

"நீ எந்தக் காலத்துல இருக்க? அதை முதல்ல சொல்லு."

செயலாளர் அதைச் சொல்லாமல் எழுந்துகொண்டார். வெளியே வந்து, சந்தில் பின்வாசலின் தோளில் கை போட்டார். அந்தச் சந்தில் தோளில் கை போட்டால் இரண்டு பேரும் பக்கவாட்டில்தான் நடக்க முடியும். "தம்பி, நீ நல்லா பேசுறியாமே. விழாவுல நம்ம குடியிருப்போட வரலாறை அஞ்சு நிமிஷம் வாசிச்சிடு. சிரிப்பா இருக்கட்டும். ஆனா மரியாதையா."

சிரிப்பும் மரியாதையும் சேர்ந்து கேட்ட முதல் ஆள் என்பதால் பின்வாசலுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

உள்ளே வந்து அத்தையிடம் கேட்டான். "அப்படி என்னதான் இருக்கு அந்தச் சுவத்துல? காரணத்தைச் சொல்லேன்."

"காரணம் கேக்குற மூஞ்சியா அது? சிரிக்கிறதுக்குச் சாக்குத் தேடுற மூஞ்சி."

"சொல்லலன்னா நானா ஒண்ணு எழுதிப்பேன்."

"எழுதிக்கோ. எத்தனையோ பேரு எழுதினானுங்க."

அத்தை வீட்டை விட்டுப் போவதாகச் சொல்வது புதிதல்ல. உப்புக் கூடிப்போனதற்கு ஒரு முறை, ஊசியை யாரோ எடுத்ததற்கு ஒரு முறை என்று அவள் பல தடவை போயிருக்கிறாள், சந்து முனைவரை. அதனால் அப்பாவும் மகனும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பள்ளிச் சீருடைகளைக் கொடுக்க அவள் கிளம்பும் நாளாகப் பார்த்து கொத்தனாரை வரச் சொல்லிவிடுவது. வந்து பார்த்தால் வாசல் இருக்கும். கத்துவாள். வெளிச்சம் வந்தால் ஊசியில் நூல் கோக்க வசதிதானே என்று பழகிவிடுவாள்.

கொத்தனார் பெரிய சாலையில் நின்று சுத்தியலால் தட்டிப் பார்த்தார். வேறு நிறப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே செங்கல். முதல் வரிசையைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஒரு பீடியைப் பற்ற வைத்தார்.

"இது கொத்தன் கட்டினது இல்ல தம்பி."

"பின்ன?"

"ஒரு வரிசையாவது நேரா இருக்கா பாரு. ஒண்ணுக்கு மூணா சிமெண்டை அப்பியிருக்கு. கோவத்துல கட்டினது." புகையை விட்டார். "அப்புறம் கல்லைப் பாரு. எல்லாத்துலயும் கம்பெனி முத்திரை. எடுத்துட்டு வந்திருக்காங்க. காசு குடுத்து வாங்கினது இல்ல."

இந்தத் தகவலை ஐந்து நிமிட வரலாற்றில் எங்கே செருகலாம் என்று பின்வாசல் யோசித்தான். 'நமது முன்னோர்கள் திருடர்கள்' என்று தொடங்கினால் எடுத்த எடுப்பிலேயே அரங்கம் கைக்குள் வந்துவிடும்.

மேல் வரிசைகள் போனதும் உள்ளே இருட்டு தெரிந்தது. வீட்டுச் சுவர் அந்த இடத்தில் ஒரு கை நீளத்துக்கு உள்வாங்கியிருந்தது; ஒரு ஆள் மழைக்கு ஒதுங்கி நிற்கும் அளவு. அதன் கோடியில் பழைய நீலக் கதவு, தாழ் போட்டபடி. அதற்கு அந்தப் பக்கம் அத்தையின் அலமாரி. கதவுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் நாற்பது வருஷமாக யாரும் மூச்சு விடாத காற்று வெளியே வந்தது. பெரிதாக ஒன்றும் நாறவில்லை. சாக்குப் பையைத் திறந்தது போல் இருந்தது. இடித்த செங்கல்லின் உட்பக்கத்தில், வழிந்த சிமெண்டை யாரோ வெறும் விரலால் வழித்துவிட்ட கோடுகள் காய்ந்து போயிருந்தன. விரல்கள் மெல்லியவை.

கீழே தரையில், கதவுக்கு முன்னால், மஞ்சள் பெயிண்டில் இரண்டு பாதங்கள் வரைந்திருந்தன. அச்சு வைத்து அடித்தது போல, குதிகால் ஒட்டி, விரல்கள் சாலையைப் பார்த்து.

"இது என்ன, நடனப் பள்ளிக்கூடமா?" என்றார் கொத்தனார்.

பின்வாசலுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறி, மஞ்சள் பாதங்களின் மேல் தன் பாதங்களை வைத்தான். அளவெடுத்தது போலப் பொருந்தியது. கொத்தனாரிடம் போனைக் கொடுத்து, நெஞ்சை நிமிர்த்தி, ஒரு கையை நெற்றிக்குக் கொண்டுபோய் விறைப்பாக ஒரு சலாம் வைத்தான். "எடுங்க. பின்வாசல் முன்வாசலில் நிற்கும் வரலாற்றுப் புகைப்படம்."

கொத்தனார் எடுத்தார். பின்வாசல் கையை இறக்கவில்லை. சாலையின் நடுவில், அவனுக்கு நேர் எதிரே, அத்தை நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த துணிப் பொட்டலம் கீழே விழுந்து கிடந்தது. சீருடைக்கான அளவு நாடாவை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எடுக்கத் திரும்பி வந்திருக்கிறாள்.

"இறக்கு," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அவன் இன்னும் இறக்கவில்லை. இறக்கத் தோன்றவில்லை.

"கையை இறக்குடா!"

அந்தக் குரலை அவன் அதுவரை கேட்டதில்லை. அவள் கத்துவதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறான். இது வேறு. பக்கத்து வீட்டுக் குளியலறையில் தண்ணீர் ஊற்றுவதுகூட நின்றது.

செயலாளருக்கு எப்போதுமே நேரம் சரியில்லை. அந்த நேரம் பார்த்துத் தார் போடும் ஆட்களோடு அந்தப் பக்கம் வந்தவர், இடித்த சுவரைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். "பாத்தீங்களாக்கா, வீட்டுக்கே ஒரு களை வந்துடுச்சு!"

"டேய் மூக்கொழுகி," என்றாள் அத்தை.

தார் போடுகிறவர்களில் ஒருவன் சிரித்துவிட்டு, உடனே மண்வெட்டியைப் பார்த்தான். செயலாளரின் கை தன்னையறியாமல் மூக்குக்குப் போய்த் திரும்பியது.

"அக்கா, ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டும். அன்னைக்கும் ஆளுங்க இருந்தாங்க. இவனை வரலாறு எழுதச் சொன்னியாமே. இந்தப் பாதம் என்னன்னு சொல்லிக் குடு. பையன் மேல ஏறி நின்னு போட்டோ புடிக்கிறான். சொல்லு."

"அது... அந்தக் காலத்துல ஒரு ஒழுங்கு. காலைல மேனேஜர் கார் போறப்ப வீட்டுக்கு ஒருத்தர் வாசல்ல நிக்கணும். ஒரே மாதிரி நிக்கணும்னு கம்பெனியில பெயிண்ட் அடிச்சாங்க."

"நின்னா போதுமா?"

"சலாம் வைக்கணும்."

"வைக்கலன்னா?"

செயலாளர் தாரைப் பார்த்தார். "வீட்டைக் காலி பண்ணணும்."

"அழகா சொல்றான் பாரு. ஒழுங்காம்." அத்தை பின்வாசலின் பக்கம் திரும்பினாள். "உங்க தாத்தா எப்படிச் செத்தாரு?"

"நெஞ்சு வலி."

"ஆமா. நெஞ்சுதான் வலிச்சுது. மெஷின் பெல்ட் அறுந்து நெஞ்சுல அடிச்சா வலிக்காதா? ராத்திரி ஷிப்ட்ல அடிச்சிருக்கு. தண்ணியைக் குடுத்து, நடந்து போயிடுவியான்னு கேட்டு அனுப்பிட்டானுங்க. எங்கப்பாவும் நடந்தே வந்துட்டாரு. நீ நிக்கிற இடத்துல வந்து விழுந்தாரு. அந்தப் பாதத்து மேல. வாயெல்லாம் ரத்தம்."

பின்வாசல் பாதங்களின் மேலிருந்து இறங்கினான். சாலைக்கு வரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. செங்கல் குவியலின் மேல் வெறுங்காலோடு நின்றான்.

"அப்ப இந்த ஊருக்கே வண்டின்னா அது ஒண்ணுதான், அந்தக் கார். அது வர்ற நேரம். நான் நடுரோட்டுக்கு ஓடினேன். இதோ, இங்கதான். பதினாலு வயசு எனக்கு. ஒரு கையில எங்கப்பா துண்டு, ரத்தத்தோட. இன்னொரு கையைத் தூக்கி, நிறுத்துங்க நிறுத்துங்கன்னு கத்துறேன். பின்னாடி எங்கம்மா. இந்தச் செயலாளரோட அம்மா. தெருவே கையைத் தூக்கிக்கிட்டு நிக்குது. கார் மெதுவா வந்துச்சு. நின்னுடும்னு நினைச்சேன். அவன் என்னைப் பாத்தான். கண்ணாடியை இறக்கினான்."

அவள் தன் வலது கையைப் பாதியளவு தூக்கினாள். விரல்கள் தளர்ந்து, தினமும் நூறு பேருக்கு வைத்துப் பழகிப்போன கையைப் போல.

"பதில் சலாம் வச்சான். எனக்கு. வச்சுட்டு, என்னைச் சுத்திக்கிட்டுப் போயிட்டான்."

பின்வாசலுக்கு ஒரு நகைச்சுவை எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரியும். எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லைக் கடைசியில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அவன் வாழ்நாளில் கேட்டதிலேயே கச்சிதமாக அமைந்த நகைச்சுவை இதுதான். அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது. காதுமடல் இரண்டும் கொதித்தன. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் கொத்தனாரைத் தவிர யாரும் இல்லை.

"அவருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்க்கா," என்றார் செயலாளர் மெதுவாக. "கவனிச்சிருக்க மாட்டாரு."

"கண்ணு மங்கினவனுக்கு என் கை மட்டும் எப்படிடா தெரிஞ்சுது?"

செயலாளர் செருப்பில் ஒட்டிய தாரைத் தரையில் தேய்த்தார்.

"தள்ளுவண்டியில போட்டுக் கொண்டு போனோம். பாதி வழியில தள்றதை நிறுத்திட்டாங்க. ஏன் நிறுத்துறீங்க, ஏன் நிறுத்துறீங்கன்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன்." அத்தை மூச்சை இழுத்துக்கொண்டாள். "மறுநாள் காலைல கார் வந்தப்ப வாசல்ல ஒருத்தரும் நிக்கல. நிக்கிறதுக்கு வாசல் இருந்தாத்தானே? கம்பெனி மதில் கட்ட அடுக்கியிருந்த செங்கல்லை ராத்திரியோட ராத்திரியா தூக்கிட்டு வந்தோம். கொத்தனுங்க பயந்துக்கிட்டு வரல. நாங்களே அடைச்சோம். இதை நான் அடைச்சேன். மூக்கொழுகி, உங்கம்மாதான் சிமெண்ட் கலந்தா. நீ வாளி தூக்கின. அந்த வாளி தூக்கின கையாலதான் இப்பக் கதவு விக்கிற."

"பொழப்பு வேணாமாக்கா?" என்றார் செயலாளர். பிறகு, தார் போடுகிறவர்கள் பார்ப்பது தெரிந்து, குரலை இறுக்கினார். "சங்கத்துல தீர்மானம் போட்டாச்சு. புதுசா வந்தவங்களுக்கெல்லாம் வாசல் வேணுமாம். நீங்க ஒருத்தங்க கத்தினா நின்னுடுமா?" போகிற போக்கில் பின்வாசலிடம், "இதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல வராது தம்பி. சிரிப்பா எழுது," என்றார்.

அன்று முழுக்க வீட்டில் மெஷின் ஓடவில்லை. அலமாரியை நகர்த்தி, நீலக் கதவைத் திறந்து வைத்துவிட்டு, அத்தை அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பெரிய சாலை வீட்டுக்குள் தெரிந்தது. பின்வாசல் வெகுநேரம் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் கேட்டான்.

"ஏன் யாரும் சொல்லல?"

"செத்ததைச் சொல்லலாம்டா. தினமும் காலைல எழுந்து, தலையைச் சீவிக்கிட்டு, அந்தப் பாதத்துல காலை வச்சு அவனுக்குச் சலாம் போட்டோமே, அதை எப்படிச் சொல்றது? பிள்ளைங்ககிட்ட? அதுவும் உன்கிட்ட? மேடை ஏத்திட மாட்ட?"

ஏற்கெனவே ஏற்றியாயிற்று என்று அவன் சொல்லவில்லை. மூன்றாவது கொள்கைக்கு விழுந்த கைதட்டல் காதில் கேட்டது.

அப்பா சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். "எனக்கு நாலு வயசு," என்றார், யாரிடமும் இல்லாமல். "நானும் ஒரு கல்லு தூக்கிட்டு வந்தேன். ஒண்ணுதான் தூக்க முடிஞ்சுது." பிறகு அதையும் ஒட்டி அனுப்பிவிட்டவர் போலத் திரும்பிக்கொண்டார்.

விழா நாள் காலையில் அத்தை மெஷினின் தலையைக் கழற்றி ஒரு பழைய சேலையில் சுற்றினாள். துணிமணியை ஒரு மூட்டையாகக் கட்டினாள். இந்த முறை சந்து முனைவரை போகும் மூட்டை இல்லை என்பது முடிச்சைப் பார்த்தாலே தெரிந்தது. ஆட்டோவுக்குச் சொல்லியாயிற்று. ஆனால் ஆட்டோ வரவில்லை. மேனேஜரின் மகன் கார் வரும்வரை பெரிய சாலையில் வேறு எந்த வண்டியும் விட மாட்டோம் என்று சங்கத்தார் இரண்டு பக்கமும் கயிறு கட்டிவிட்டார்கள்.

"அப்பவும் வண்டி கிடைக்கல," என்றாள் அத்தை. "இப்பவும் கிடைக்கல. அவன் குடும்பமே ஒழுங்குக்குப் பேர் போனது." மூட்டையின் மேல் உட்கார்ந்து, திறந்த வாசலைப் பார்த்தாள்.

வெளியே புதுத் தாரின் வாடை. வரிசையாகப் புதுக் கதவுகள், வார்னிஷ் பளபளக்க. ஒவ்வொரு வாசலிலும் இரண்டு பேர், சலவைச் சட்டையில். புதிதாக வந்தவர்கள் உற்சாகமாக இருந்தார்கள். பழைய ஆட்கள் சிலரும் நின்றார்கள். அவர்கள் கால்கள் எங்கே நிற்பது என்று தெரியாமல் தரையில் எதையோ தேடுவதுபோல் இருந்தன. ஒலிபெருக்கி கரகரத்தது.

பின்வாசல் சட்டைப் பையிலிருந்து ஐந்து நிமிட வரலாற்றை எடுத்தான். நல்ல நகைச்சுவைகள். மூன்றைத் தவிர மற்றவையெல்லாம் புதியவை. நான்காக மடித்தான். பிறகு சந்து வழியாக வெளியே போய், பக்கத்து வீட்டில் நிலை பூசிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் மிச்சச் சிமெண்டையும் கரண்டியையும் கேட்டான்.

"எதுக்கு?"

"அடைக்க."

கொத்தனார் அவனை மேலும் கீழும் பார்த்தார். "கட்டினதை இடிக்கச் சொன்னீங்க. இடிச்சதைக் கட்டுறீங்க. உங்க தெருவுல மட்டும் வேலைக்குப் பஞ்சமே வராது." சிமெண்ட் மூட்டையையும் ஒரு கூடை மணலையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, "மணலை முதல்ல போடு, அப்புறம் தண்ணி," என்றார்.

சிமெண்ட் கலக்க இடம் வேண்டும். செயலாளர் கடையிலிருந்து வந்து, இன்னும் பொருத்தாமல் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்திருந்த புதுக் கதவைப் படுக்கப் போட்டான். நல்ல கதவு, வழவழவென்று, ஒரு சொட்டுத் தண்ணீர் உறிஞ்சவில்லை. அதன்மேல் மணலைக் கொட்டி, சிமெண்டைக் கொட்டிக் கலந்தான். உள்வாங்கிய இடத்தில் மண்டியிட்டு, மஞ்சள் பாதங்களை மிதிக்காமல் கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, முதல் செங்கல்லை வைத்தான். கம்பெனி முத்திரை உள்பக்கம் பார்த்தது. அத்தை மூட்டையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

சுவர் நெஞ்சளவு வந்தபோது கார் வந்தது.

வெள்ளைக் கார், மிக மெதுவாக. முன்னால் செயலாளர் ஓட்டமும் நடையுமாக. இரண்டு பக்கமும் வாசல் வாசலாகக் கைகள் எழுந்தன. பின்வாசல் எழுந்து நின்றான். அவன் கையில் சிமெண்ட் ஒழுகும் கரண்டி இருந்தது. அதை எறியப் போகிறானா, காரை நிறுத்தப் போகிறானா என்று அவனுக்கே தெரியாது. கை தலைக்கு மேல் போய்விட்டது. "நிறுத்துங்க!" என்று கத்தினான். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியும் வாழ்க என்றது.

காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்தவர் அவனைப் பார்த்தார். சிரித்தார். கையைப் பாதியளவு தூக்கி, விரல்கள் தளர, அவனுக்குப் பதில் சலாம் வைத்தார். கார் போய்விட்டது.

கரண்டியிலிருந்த சிமெண்ட் பின்வாசலின் முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

"அப்பனை உரிச்சு வச்சிருக்கான்," என்றாள் அத்தை, பின்னாலிருந்து.

அவன் திரும்பவில்லை. மண்டியிட்டு அடுத்த செங்கல்லுக்குக் கையை நீட்டினான். விழாவுக்காக வீட்டுக்குள் ஒதுக்கியிருந்த குவியல் எட்டவில்லை. துழாவிய கையில் ஒரு செங்கல் வந்து அமர்ந்தது. அப்பா. வாசலில் கை ஆட்டுவதற்காக இஸ்திரி போட்ட சட்டையோடு, ஒரே ஒரு செங்கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்திருந்தார். கொடுத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போனார்.

சாலைக் கோடியில் பேச்சு தொடங்கிவிட்டது. ஒலிபெருக்கி இரண்டு முறை செருமியது. "நமது குடியிருப்பின் வரலாற்றை நகைச்சுவையாக வழங்க இருக்கும் தம்பி, எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும்."

"கூப்புடுறாங்க," என்றாள் அத்தை.

"ம்."

"அந்த மூலையில சிமெண்ட் போதல."

மூலையில் இன்னும் கொஞ்சம் அப்பினான். மூட்டை அவிழும் சத்தம் கேட்டது. பிறகு மெஷினின் தலையைச் சேலையிலிருந்து எடுக்கும்போது இரும்பு மரத்தில் இடிக்கும் சத்தம். தம்பி எங்கிருந்தாலும் வரவும், என்றது ஒலிபெருக்கி. வெளிச்சம் ஒரு செங்கல் அளவாகச் சுருங்கியது.

கடைசிச் செங்கல் கோணலாக உட்கார்ந்தது. உள்ளங்கையால் தட்டிப் பார்த்தான், நேராகவில்லை. விட்டுவிட்டு, இடுக்கிலிருந்து வழிந்த சிமெண்டை விரலால் வழித்தான்.